புன்னைச்சல்லித் தீவின் கல்யாணக் கிணறு

கடல் தாண்டினால் அது வெளிநாடு என்பது எங்கள் அம்மாவின் கணக்கு. கரையில் நின்றாலே கண்ணுக்குத் தெரிகிற தீவு, காலையில் பாய் விரித்தால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்று எவ்வளவோ சொன்னேன். "தூரம் கிடக்கட்டும். நடுவில் கடல் இருக்கா, இல்லையா?" என்றாள். இருக்கிறது என்றேன். "அப்போ வெளிநாடுதான்" என்று சொல்லி, கொழும்புக்குப் போகிறவர்களுக்குக் கட்டிக் கொடுப்பதுபோல் புளியோதரையும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தாள். கும்பகோணத்துக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் படித்துறையில் இறங்கிக் குளிப்பதற்கு. அதன்மேல் ஏறி ஊர் போவதற்கு அல்ல.

என்னை அழைத்தவள் ரெஜினா. சென்னையில் விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். நான் ரசாயனம் படித்தேன், அவள் ஆசிரியப் பயிற்சி. இப்போது நான் தண்ணீரைச் சோதிக்கும் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அவள் தூத்துக்குடிக்கு எதிரே புன்னைச்சல்லி என்ற சின்னத் தீவில் பள்ளிக்கூடம் நடத்துகிறாள். அந்தத் தீவிலேயே மிக்கேல் என்ற தோணிக்காரரைக் கட்டிக்கொள்வதாகவும் முடிவு செய்துவிட்டாள். அவளுடைய அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். தீவுத் தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று அதற்கென்று படித்த ஒருவர் சோதித்துச் சொல்ல வேண்டும். சொன்னால் கல்யாணம். இல்லையென்றால் ரெஜினா வேலையை விட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிட வேண்டும்.

"தோழி என்பதற்காகப் பொய் சொல்லாதே. உண்மை நல்லதாக இருக்கட்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்" என்று ரெஜினா எழுதியிருந்தாள்.

நான் எதையும் பட்டியல் போட்டுத்தான் எடுத்து வைப்பேன். மரப்பெட்டி ஒன்று. அதற்குள் வைக்கோல். வைக்கோலுக்குள் அளவுக் குழாய்கள், கண்ணாடிக் குடுவைகள், பழுப்புச் சீசாவில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல், மஞ்சள் மருந்து, காய்ச்சி வடித்த தண்ணீர், துடைக்கப் பழைய துண்டு. பட்டியலில் சேர்க்க மறந்தது குடை. அதை நாலு நாளும் வெயில் நினைவூட்டிக்கொண்டே இருந்தது.

ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் பெட்டியை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆர்மோனியமா?" என்றார். இல்லை, தண்ணீரில் உப்புப் பார்க்கிற சாமான் என்றேன். "உப்புப் பார்க்க நாக்கு போதாதா அம்மா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப் போனார். மணியாச்சியில் வண்டி மாறும்போது கூலியாள் பெட்டியைத் தலைகீழாகத் தூக்கினார். 'இந்தப் பக்கம் மேலே' என்று நான் சிவப்பு மையில் எழுதியிருந்த எழுத்து அவருடைய சும்மாட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. ஒரு குடுவை போயிற்று.

தூத்துக்குடி ரயிலடியில் ரெஜினாவின் அப்பா சவரிமுத்து நின்றார். அவர் நின்றால் பக்கத்தில் இன்னொருவர் நிற்க இடம் தேட வேண்டும். அவ்வளவு பெரிய ஆள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் தோணிகளுக்கு வேண்டிய கயிறும் பாய்த்துணியும் விற்கிற கடை வைத்திருக்கிறார்.

"வாங்க தாயீ. பொட்டிக்குள்ள என்ன, குண்டா?" என்றார். யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். எல்லோருடைய நகைச்சுவையிலும் ஒரு குண்டு இருந்தது.

வீட்டில் ஆப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தார்கள். பிறகு மக்ரூன் என்று ஒரு பண்டம். வெள்ளையாய்க் கூம்பாய், வாயில் வைத்ததும் காணாமல் போகிறது. தட்டு காலியான பிறகு, அது முட்டையின் வெள்ளைக்கருவில் செய்வது என்று சொன்னார்கள். நான் சைவம். தகவல் தாமதமாக வந்ததில் எனக்கு வருத்தமில்லை.

சாப்பிட்டு முடித்ததும் சவரிமுத்து விஷயத்துக்கு வந்தார். "எனக்கு அந்தக் கல்லுக்காரன் மேல கோவம் ஒண்ணும் கெடையாது, தாயீ. நல்லா ஓட்டுவான், குடிக்க மாட்டான். ஆனா என் மக உப்புத் தண்ணியக் குடிச்சுக்கிட்டு அங்கன கெடக்கணுமா? நீங்க உள்ளத உள்ளபடி சொல்லுங்க. நான் கேட்டுக்கிடுதேன்."

மிக்கேலை அவர் ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. எப்போதும் அந்தக் கல்லுக்காரன்தான்.

மறுநாள் விடிகாலையில் புறப்பட்டிருக்க வேண்டும். எங்கள் குதிரை வண்டியின் சக்கரம் உப்பளத்து ஓரச் சேற்றில் இறங்கிக்கொண்டது. குதிரை முயற்சி செய்வதுபோல் பாவனை செய்தது. வண்டிக்காரர் அதைத் திட்டுவதுபோல் பாவனை செய்தார். இருவருக்கும் பல வருஷப் பழக்கம் போலிருக்கிறது. ஒருவழியாகக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடல் வற்றிவிட்டது. மிக்கேலின் தோணி எருமைபோல் சேற்றில் படுத்திருந்தது. அதன் பக்கத்தில் முழங்கால் சேற்றோடு ஒல்லியாய் ஓர் இளைஞர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர்தான் மிக்கேல்.

"நாளைக்குத்தான், டாக்டரம்மா. தோணி இன்னைக்கு எந்திரிக்காது" என்றார்.

நான் டாக்டர் இல்லை என்று சொன்னேன். அதை அவர் பணிவு என்று எடுத்துக்கொண்டார். தீவில் எல்லோரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் கையில் கிடைத்தது. ஊரைச் சுற்றினேன். எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு கோயில் குளம். இங்கே தெருவுக்குத் தெரு உப்பு மூட்டை. மாலையில் ஒரு தெருக்குழாயடியில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. ஊருக்குக் குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீர். அதை ஒரு பருத்த அம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் வரிசையாகப் பீப்பாய்களில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் குடத்தோடு நின்றவர்கள் பொறுமை இழந்திருந்தார்கள்.

"ஏளா, ஊருக்குச் சொட்டுத் தண்ணி விட்டு வைப்பியளா, ஆத்தையே உருட்டிக்கிட்டுப் போயிருவியளா?"

"கல்யாணத்துக்கு ளா. வயிறு எரியாத" என்றாள் பருத்த அம்மாள், பீப்பாய்க்கு மூடி போட்டபடி.

"கல்யாணத்துக்குச் சோறு போடுவாவ. நீங்க என்ன, மாப்பிளைய முக்கி எடுக்கப் போறியளா?"

குழாயடியே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு நகர்ந்தேன். அந்தப் பீப்பாய்கள் ஆழத்தில் நின்ற வேறொரு தோணியில் ஏறி, எனக்கு முன்னாலேயே தீவுக்குப் போய்விட்டன.

அடுத்த நாள் மிக்கேலின் தோணி எழுந்துவிட்டது. எங்களோடு ரேஷன் அரிசி மூட்டைகள், மண்ணெண்ணெய், விறகு, வாய் ஓயாத ஒரு சேவல். பாய் விரித்ததும் நகரம் சின்னதாகிப் போயிற்று. எனக்கு வயிறு பிரட்டவில்லை என்பதில் சற்றுப் பெருமை. அதை மிக்கேலிடம் சொன்னேன்.

"அடியில அரிசி இருக்குல்லா, அதான். தோணிக்கு அடியில கனம் வேணும். வெறும் தோணின்னா கூத்தாடும். போகும்போது அரிசி, வரும்போது கல்லு. அதுனால எப்பவும் ஒழுங்கா நிக்கும்."

என்ன கல் என்று கேட்டேன். முருகைக்கல் என்றார். பவளப் பூச்சிகள் கடலுக்குள் கட்டுகிற பாறை அது. தீவைச் சுற்றி ஆழமில்லாத தண்ணீரில் நின்றுகொண்டு கடப்பாரையால் பெயர்த்து எடுப்பார்கள். தூத்துக்குடிச் சுண்ணாம்புக் காளவாயில் அதைச் சுட்டால் சுண்ணாம்பு. "கரையில பாதி வீட்டுச் சுவரு எங்க கல்லுதான்" என்றார் மிக்கேல், அதில் தனக்கும் ஒரு பங்கு இருப்பவர்போல.

புன்னைச்சல்லியை ஒரு மூச்சில் சுற்றி வந்துவிடலாம். மணல், புன்னை மரங்கள், பனை ஓலை வீடுகள், ஒரு சின்ன மாதா கோயில், கோயிலின் பின்பக்கம் ரெஜினாவின் பள்ளிக்கூடம், யாருடையவை என்று யாரும் கவலைப்படாத ஆடுகள். ஆண்கள் மீன் பிடிக்கிறார்கள், பருவத்தில் சங்கு குளிக்கிறார்கள், மற்ற நாளில் கல் எடுக்கிறார்கள். முத்துக்குளிப்பு நடந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் அது அடுத்த வருஷம் நடக்கப் போகிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார்கள். போன வருஷமும் அப்படித்தான் சொன்னார்களாம். யாரும் சலித்துக்கொள்ளவில்லை.

ரெஜினா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். விடுதியில் சேலை மடிப்பு கலையாத பெண். இப்போது கறுத்து, கையெல்லாம் காய்ப்புக் காய்த்து, கப்பல் மாலுமிபோல் சிரித்தாள். "ஏளா கமலா, பெட்டிய மட்டும் நான் தொட மாட்டேன். அதுக்குள்ள என் தலையெழுத்து இருக்கு" என்றாள்.

அவளுக்குப் பின்னால் மிக்கேலின் அம்மா செபத்தியம்மாள் நின்றாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது: குழாயடிப் பருத்த அம்மாள். "உங்களை நேற்றுச் சாயங்காலம் பார்த்தேனே" என்றேன். "என்ன மாரி ஊருல நெறயப் பேரு உண்டு" என்று சொல்லிவிட்டு அவள் சேவலை வாங்கிக்கொண்டு நடந்தாள். கல்யாணத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்ததில் கூச்சப்பட என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

என் சாப்பாடு தீவுக்கே பிரச்சினையாயிற்று. பெண்கள் கூடி விவாதித்தார்கள்.

"மீனு திங்க மாட்டாவளாம்."

"நண்டு?"

"அதுவும் மாட்டாவளாம்."

"சங்குச் சதை? அது சத்தமே போடாதே."

கடைசியில் கருப்பட்டியும் தேங்காயும் போட்ட புட்டு என்று முடிவாயிற்று. காலையும் புட்டு, மதியமும் புட்டு, இரவும் புட்டு. ஒவ்வொரு வேளையும் வேறு வீட்டிலிருந்து வந்ததால், ஒரே புட்டை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாராட்டும் வேலை எனக்கு. அம்மாவின் நார்த்தங்காய் ஊறுகாய் இதற்கிடையே ரெஜினாவின் பள்ளிக்கூடத்தில் அந்தஸ்துள்ள பொருளாகிவிட்டது. கணக்கு சரியாகப் போட்ட பிள்ளைக்கு ஒரு துண்டு.

மறுநாள் சோதனையைக் கிணற்றடியிலேயே வைத்துக்கொண்டேன். கோயிலிலிருந்து ஒரு நீளப் பெஞ்சைத் தூக்கி வந்து போட்டார்கள். தீவில் படுக்கையில் கிடந்த ஒருவரைத் தவிர எல்லோரும் வந்துவிட்டார்கள். அவரும் வாசலுக்குக் கட்டிலை இழுத்துப் போடச் சொல்லிவிட்டார். நான் விளக்கினேன். கிணற்றுத் தண்ணீரில் மஞ்சள் மருந்து விடுவேன். மேலே குழாயிலிருந்து வெள்ளிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்குவேன். மஞ்சள் மாறிச் செங்கல் நிறம் வந்தால் நிறுத்துவேன். சீக்கிரம் சிவந்தால் நல்ல தண்ணீர். தாமதமாகச் சிவந்தால் உப்பு.

சொட்டுகள் இறங்கின. தண்ணீர் பால்போல் கலங்கியது. சிவக்கவில்லை.

"வரும், வரும்" என்றார் ஒருவர்.

இன்னும் இறங்கின. பின்வரிசையில் யாரோ முணுமுணுவென்று ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்கள். குழாய் காலியாகி, மறுபடி நிரப்பி, அதிலும் பாதி இறங்கிய பிறகுதான் சிவந்தது. கூட்டத்தில் சிலர் அதைப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள். விளக்கத்தைச் சரியாகக் கேட்டிருந்த ரெஜினா மட்டும் பெஞ்சின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

நான் மறுபடி செய்தேன். அதே விடை. எங்கள் கூடத்தில் இந்தத் தண்ணீர் வந்திருந்தால் இரண்டாம் முறை பார்த்திருக்கவே மாட்டோம்.

"இவ்வளவா?" என்றாள் ரெஜினா மெதுவாக. "தெனமும் இதத்தான குடிக்கேன். எனக்கு ஒண்ணுமே தெரியலியே."

எழுதத் தொடங்கிய கையை நிறுத்திவிட்டுக் குடுவையை மூக்கருகே கொண்டுபோனேன். உப்புக்கு வாசனை கிடையாது. இதற்கு இருந்தது. பிறந்ததிலிருந்து மீனைச் சமையலறைக்குள் பார்க்காத மூக்குக்கு அது நன்றாகவே தெரிந்தது.

"கிணற்றில் மீன் ஏதாவது விழுந்ததா?"

யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். அது கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஒவ்வொருவரும் கண்ணை மூடி முகர்ந்துவிட்டு, ஒரு வாசமும் இல்லை என்றார்கள். ஒரு பெரியவர் நீண்ட நேரம் முகர்ந்து, "தண்ணி வாசந்தான் அடிக்கி" என்று தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீவில் காற்றும் துணியும் தலையணையும் அப்படித்தான் மணக்கின்றன. அவர்களுக்கு அது வாசனையே இல்லை.

அப்போதுதான் எனக்குப் பீப்பாய்கள் நினைவுக்கு வந்தன. செபத்தியம்மாளைப் பார்த்தேன். அவள் புன்னை மரத்தைப் பார்த்தாள்.

"அம்மா, அந்தத் தாமிரபரணித் தண்ணீர் எங்கே?"

"எந்தத் தண்ணி?"

"யம்மா" என்றார் மிக்கேல்.

செபத்தியம்மாள் நிமிர்ந்தாள். "ஆமா, ஊத்துனேன். டீச்சரு காலம்பற செபத்துக்குப் போயிருக்கச்சே, கிணத்துல ஊத்துனேன். மெட்ராசுல இருந்து படிச்ச பொம்பள வாராவ, கூடக் கொஞ்சம் இனிப்பா இருக்கட்டுமேன்னு நெனச்சேன். ஆத்துத்தண்ணிதான, நஞ்சா?"

"எதில் கொண்டுவந்தீர்கள்?"

"பீப்பாயில."

"அதில் முன்னால் என்ன இருந்தது?"

அவள் மறுபடி புன்னை மரத்தைப் பார்த்தாள். பின்னாலிருந்து ஒரு பெண் உதவினாள். "உப்புக்கண்டம். மீனு உப்புப் போட்டு வைக்க பீப்பாய்."

"கழுவிட்டுத்தான் பிடிச்சோம்" என்றாள் செபத்தியம்மாள் கோபமாக.

"எதில் கழுவினீர்கள்?"

"கடல்லதான். பெறகு எதுல கழுவுவாவ? பீப்பாய் கழுவ நல்ல தண்ணியவா வீணாக்குவாவ?"

நல்ல தண்ணீரின் அருமை தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. எங்கள் ஊரில் யாரும் இப்படிச் செய்திருக்க முடியாது. முதலில் ரெஜினாதான் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்ததால் அவளால் நிறுத்த முடியவில்லை. "கெணத்தையே கருவாடு போட்டுட்டியே அத்த" என்றாள். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. "மருமக வரதுக்கு முன்னாலயே கொழம்பு வச்சுட்டா" என்று யாரோ சொன்னார்கள். கட்டிலில் கிடந்தவர் என்ன நடந்தது என்று அங்கிருந்தே கேட்டார். அவருக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் முறை கேட்டபோது இன்னும் நன்றாக இருந்தது.

கிணறு முழுவதையும் இறைத்து வெளியே கொட்டுவது, புதிதாக ஊறுகிற தண்ணீரை மறுநாள் சோதிப்பது என்று முடிவு செய்தோம். தண்ணீர் இறைக்கும் ஓலைப் பட்டைகளோடு ஆணும் பெண்ணும் வரிசை கட்டி நின்றார்கள். செபத்தியம்மாளை யாரும் விடவில்லை. "அத்தைக்கு ரெண்டு பட்டை" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆடுகள்கூட அந்தத் தண்ணீரை முகர்ந்துவிட்டு விலகிப் போனதைச் சுட்டிக் காட்டினேன். "ஆடு சைவம்லா" என்று பதில் வந்தது.

வெயில் தாழ்ந்ததும் ரெஜினா என்னைத் தெற்குக் கரைக்கு அழைத்துப் போனாள். வடக்கே இருந்த கலகலப்பு இங்கே இல்லை. கரை ஓரம் பெயர்த்தெடுத்த முருகைக்கல் குவியல்கள். மிக்கேலின் தோணியிலும் பாதிக்குமேல் ஏற்றியிருந்தார்கள். ஒரு கல்லைக் கையில் எடுத்தேன். கண்கண்ணாய், தேன்கூடுபோல் அழகாக இருந்தது. வேர் தெரியச் சாய்ந்த புன்னை மரங்களின் காலடியில் அலை வந்து மோதியது.

கரையிலிருந்து சற்றுத் தள்ளி, தண்ணீருக்கு நடுவில், கட்டுமானம் ஒன்று வட்டமாக நின்றது. ஒரு நாரை அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

"அது என்ன?"

"கிணறு" என்றாள் ரெஜினா. "எங்க அப்பா பொறந்த வீட்டுக் கிணறு. அவர் எங்கிட்ட சொன்னதே இல்ல. அத்ததான் சொன்னாவ. முன்னால அலை வெளியில இருந்த கல்லுப் பார்லயே ஒடஞ்சு போயிருமாம். அந்தப் பார எடுக்க எடுக்க, அலை வீட்டுக்கு வந்திருச்சு."

நான் கடலுக்குள் நின்ற அந்தக் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கல்லு எடுக்காதியன்னு பள்ளிக்கூடத்துல பிள்ளையளுக்குச் சொல்லுதேன். அப்ப எங்கய்யா என்னத்த திம்பாருன்னு ஒரு பிள்ள கேட்டுச்சு. மிக்கேலும் ராத்திரி பூரா அதத்தான் பேசுவான், காலையில கடப்பாரைய எடுத்துட்டுப் போவான்."

தெற்குப் பக்கத்தில் துணி துவைக்க ஒரு கிணறு உண்டு. அதிலும் ஒரு சீசா தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் சவரிமுத்து வந்து இறங்கினார். ஒரு கையில் குடை, ஒரு கையில் மக்ரூன் பொட்டலம். முந்தின நாள் கதையை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று தீவு முழுவதும் பேசி வைத்திருந்தது. கரையில் இறங்கிக் கோயில்வரை நடப்பதற்குள் மூன்று பேர் தனித்தனியாகச் சொல்லிவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க முயற்சி செய்ததில் முகம் சிவந்திருந்தது.

சோதனை தொடங்கியது. சொட்டுகள் இறங்கின. நான் பயந்திருந்ததைவிட வெகு சீக்கிரத்தில் செங்கல் நிறம் வந்து நிலைத்தது. மறுபடியும் அப்படியே. மூன்றாவதாகச் செய்ததற்குக் காரணம் ரசாயனம் இல்லை. ரெஜினாவின் முகம் மாறுவதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது.

"குடிக்கலாம்" என்றேன். "லேசாக உவர்ப்பு உண்டு. கெடுதல் இல்லை."

தீவு மூச்சு விட்டது. சவரிமுத்து கையை உயர்த்தினார். "தெக்குக் கெணறு?"

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதையும் சோதித்தேன். அதில் யாரும் பீப்பாய் ஊற்றவில்லை. இருந்தும் சிவப்பு வர நெடுநேரம் ஆயிற்று.

"வீட்டுக் கெணறு கெட்ட பெறகு, என் சின்ன வயசுல அதுலதான் நாங்க குடிச்சோம்" என்றார் அவர். "இப்பச் சொல்லுங்க தாயீ. இந்தக் கெணறு எத்தன வருசம் தாங்கும்?"

"அது என் சீசாவுக்குத் தெரியாது. இன்றைக்கு நல்ல தண்ணீர். தீவு கரையக் கரைய, மழைத்தண்ணீர் தங்க மண் குறையும். தெற்குக் கிணற்றுக்கு வந்தது இதற்கும் வரும். கல் எடுப்பதை நிறுத்தினால் வராமலிருக்கலாம். வராது என்று எழுதித் தர என்னால் முடியாது."

எல்லோரும் மிக்கேலைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

"கல்லு எடுக்காட்டி அடுப்புல என்னத்த வைக்க?" என்றாள் செபத்தியம்மாள். அதில் நேற்றைய வேடிக்கை இல்லை.

"நான் யாரையும் கொற சொல்லல" என்றார் சவரிமுத்து. "நான் பொறந்த வீட்டு அடுப்படியில இப்ப நண்டு குடியிருக்கு. அந்தப் பார ஒடச்சு வித்தது வேற யாரும் இல்ல, எங்கய்யாதான். என்னையப் படிக்க வைக்கதுக்காக வித்தாரு." சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் நிழலில்தான் நின்றோம்.

மிக்கேல் தெற்கே நடந்தார். நாங்கள் போய்ப் பார்த்தபோது தோணியிலிருந்து கல்லை இறக்கி, எடுத்த இடத்திலேயே தண்ணீரில் அடுக்கிக்கொண்டிருந்தார். பெயர்த்த கல்லுக்கு மறுபடி உயிர் வராது. அலை அதில் மோதி உடைந்துவிட்டு வரும், அவ்வளவுதான். அதை நான் சொன்னேன். "அதாவது நடக்கட்டும்" என்றார். "சங்குக் காலம் வரைக்கும் தோணியில சரக்கு ஏத்தப் பாக்கேன். கெடைக்கலேன்னா பெறகு என்னன்னு எனக்கே தெரியல."

சிலர் கைகொடுக்க வந்தார்கள். சிலர் தங்கள் குவியலின் பக்கத்திலேயே நின்றார்கள். செபத்தியம்மாள் கரையில் நின்று மகனைக் கொஞ்ச நேரம் திட்டினாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எலே, ஒண்ணொண்ணாத் தூக்குனா விடிஞ்சிரும். கூடையக் கொண்டா" என்று தண்ணீரில் இறங்கினாள்.

சவரிமுத்து எல்லாவற்றையும் பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ஒன்று கொடுத்தார். தானும் ஒன்று தின்றார்.

மதியம் திரும்பினோம். அவர் வந்த தோணி மீன் பிடிக்கப் போய்விட்டதால் எல்லோருக்கும் மிக்கேலின் தோணிதான். ரெஜினா என்னை வழியனுப்பக் கரைவரை வருவதாக ஏறிக்கொண்டாள். குடுவைகளைக் கழுவித் தந்ததில் வெள்ளி நைட்ரேட்டுப் பட்டு அவள் விரல் நுனிகள் கறுத்துப் போயிருந்தன. என் விரல்கள் எப்போதும் அப்படித்தான்.

தீவின் மறைவைத் தாண்டியதும் காற்று பிடித்தது. அடியில் கல் இல்லாத தோணி கூத்தாடத் தொடங்கியது. ஒரு பக்கம் வானம் தெரிந்தது, மறு பக்கம் கடலின் அடி தெரிந்தது. வயிறு பிரட்டாது என்று நான் பெருமைப்பட்டதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மரப்பெட்டியை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டேன்.

ஓரத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்த சவரிமுத்து கயிற்றைப் பிடித்தபடி கேட்டார், மிக்கேலைப் பார்க்காமல்: "வெளிய நங்கூரம் போட்டு நிக்க கொழும்புத் தோணியளுக்குக் கடையில இருந்து கயிறு, பாயெல்லாம் போகணும். இந்தத் தோணி தாங்குமா?"

"கனம் இருந்தா தாங்கும்" என்றார் மிக்கேல் சுக்கானில் இருந்தபடி. அடுத்த அலை எங்களைத் தூக்கிப் போட்டது. ரெஜினா என் தோளைப் பிடித்தாள். மிக்கேல் ஒரு கணம் தயங்கினார்.

"மாமா, தப்பா நெனைக்காதிய. ஓரத்துல இருந்து எந்திரிச்சுக் கொஞ்சம் நடுவுல வந்து இருங்க. அடியில எறங்கி இருந்தியன்னா தோணி நிக்கும்."

அந்த 'மாமா'வை நாங்கள் எல்லோரும் கேட்டோம். ரெஜினா அவசரமாகக் கடலைப் பார்க்கத் தொடங்கினாள். சவரிமுத்து அவரை முறைத்துப் பார்த்தார். தோணி இன்னொரு தடவை சாய்ந்து அவருடைய குடையை வாங்கிக்கொண்டு போயிற்று.

அவர் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல் அடுக்குகிற இடத்தில், தோணியின் அடியில் மெதுவாக இறங்கி உட்கார்ந்தார். தோணி ஒரு பெருமூச்சு விட்டு நிமிர்ந்தது. பாய் நிறைந்தது. தூரத்தில் தூத்துக்குடி மாதா கோயிலின் கோபுரம் தெரிந்தது.

பிறகு அடியிலிருந்து அவர் குரல் வந்தது.

"இன்னும் கொஞ்சம் எடப் பக்கம் நகரணுமா, மாப்ள?"